உப்புப் பாதையும் குற்றமற்ற ஏழையும்

ரேனர் வின் என்னும் ஆங்கிலேய எழுத்தாளரின் 'உப்புப் பாதை' நூலை நான் இருமுறை படித்திருக்கிறேன். முதன்முறை 2019இல். இங்கிலாந்தில் பணியாற்றும் என் குருமடத் தோழர் விடுமுறைக்கு வந்திருந்தபோது, "நடப்பதில் விருப்பமுள்ளவர் நீர், இதைப் படித்துப் பாரும்" என்று கையில் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டே இரவுகளில் முடித்தேன். நடுவே ஓரிடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டதும் நினைவிருக்கிறது. இரண்டாம் முறை 2025 ஆகஸ்டில். அப்போது ஒவ்வொரு பக்கத்தையும் ஐயத்தோடு புரட்ட வேண்டியிருந்தது. அச்சில் ஓர் எழுத்தும் மாறவில்லை. வாசகனாகிய என்னிடம் ஏதோ மாறியிருந்தது. அந்த மாற்றம் நேர்மையானதா என்னும் கேள்வியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வேல்ஸ் நாட்டுப்புறத்தில் பாழடைந்து கிடந்த பண்ணை வீடொன்றைத் தம் கைகளாலேயே செப்பனிட்டு வாழ்ந்த தம்பதியர், நண்பர் ஒருவரின் தொழிலில் இட்ட முதலீடு தொடர்பான வழக்கில் தோற்று, அவ்வீட்டை இழக்கின்றனர். அதே நாள்களில் கணவர் மோத்துக்கு மூளையைச் சிறிது சிறிதாகச் சிதைக்கும் நோய் இருப்பதாக மருத்துவர் கூறுகிறார், அதற்கு மருந்தில்லை. வீட்டைக் கைப்பற்ற வந்த அமீனாக்கள் கதவைத் தட்டிக்கொண்டிருக்க, மாடிப்படியின் அடியில் ஒளிந்திருக்கும் மனைவியின் கண்ணில் ஒரு பழைய நடைப்பயண நூல் படுகிறது. போக்கிடம் இல்லாதவர்கள் நடந்துகொண்டே இருக்கலாம் அல்லவா? 2013ஆம் ஆண்டுக் கோடையில், முதுகில் கூடாரமும் கையில் பேடி டில்லன் எழுதிய வழிகாட்டி நூலுமாக இருவரும் புறப்படுகின்றனர். அவளுக்கு வயது 50, அவருக்கு 53. வாரந்தோறும் வங்கியில் விழும் சிறு அரசு உதவித்தொகையே வருவாய்.

அவர்கள் நடந்தது இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலோரப் பாதை. சாமர்செட்டில் உள்ள மைன்ஹெட்டில் தொடங்கி, டெவன், கார்ன்வால் கடற்கரைகளைச் சுற்றி, டார்செட்டில் பூல் துறைமுக வாயில்வரை செல்லும் 630 மைல், அதாவது ஏறத்தாழ 1,014 கிலோமீட்டர். வழியிலுள்ள ஏற்றங்களையெல்லாம் கூட்டினால் 35,000 மீட்டர் வரும் என்பர். எவரெஸ்டின் உயரத்தைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. உல்லாச நடைக்காகப் பிறந்த பாதையன்று இது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கள்ளக்கடத்தலைத் தடுக்கச் சுற்றிவந்த கடலோரக் காவலரின் காலடிகளால் உருவானது. ஒவ்வொரு சிறு குடாவையும் எட்டிப் பார்க்க வேண்டியிருந்ததாலேயே பாதை கடலின் விளிம்பை விட்டு விலகாமல் வளைந்து வளைந்து செல்கிறது. உள்ளூர் ஏழைகளைக் கண்காணிக்க உண்டான அதே வளைவுகளை இன்று வெளியூர்ப் பயணிகள் அழகு என்று போற்றுகின்றனர். கார்ன்வால் பகுதி 1973இலும் முழுப்பாதை 1978இலும் தேசிய நெடும்பாதையாகத் திறக்கப்பட்டன. 1965இல் நேஷனல் டிரஸ்ட் தொடங்கிய நெப்டியூன் இயக்கம் மக்களிடம் நிதி திரட்டிக் கடற்கரை நிலங்களை வாங்கிக் காத்தது. 2009இல் வந்த சட்டம் இங்கிலாந்தின் கடற்கரை முழுவதையும் நடப்பவர்களுக்குத் திறந்துவிட வழி செய்தது. ஓங்கல் சரிந்து பாதை கடலில் விழுந்தால், அது உள்வாங்கி நகரவும் இடம் வைத்தது. போற்றத்தக்க ஏற்பாடுதான்.

ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பமான எல்லை உண்டு. பகலில் நடந்து செல்வது எவருக்கும் உரிமை. இரவில் படுத்துறங்குவது அப்படியன்று. டார்ட்மூர் மேட்டுநிலத்தின் சில பகுதிகளைத் தவிர, இங்கிலாந்தில் நில உரிமையாளரின் இசைவின்றிக் கூடாரம் அடிக்க உரிமையில்லை. இவர்கள் நடந்த 2013இல், திறந்தவெளியில் உறங்கும் வறியவரைத் தண்டிக்கும் 1824ஆம் ஆண்டுச் சட்டமும் நடைமுறையில் இருந்தது. பாதை எல்லார்க்கும் பொது. ஆயினும் மாலையானதும் கட்டணம் செலுத்தித் தங்க ஓரிடம் உள்ளவரையே அது கணக்கில் கொண்டிருக்கிறது. எனவேதான் நூலில் அவ்விருவரும் இருட்டிய பின் கூடாரம் அடித்து, நாயோடு உலாவ வருபவர்கள் எழுமுன் அதைச் சுருட்டிக்கொண்டு கிளம்புகின்றனர்.

நூலின் உயிர்நிலை என நான் கருதும் பகுதிக்கு இப்போது வருகிறேன். வழியில் சந்திப்பவர்கள், "இவ்வளவு நீண்ட நடைக்கு உங்களுக்கு எப்படி நேரம் கிடைத்தது?" என்று கேட்கின்றனர். "எங்களுக்கு வீடில்லை" என்று உள்ளதைச் சொன்னால் கேட்டவர் முகம் மாறுகிறது. குழந்தையின் கையைப் பற்றிக்கொண்டு, நாயின் கயிற்றை இழுத்துக்கொண்டு, அப்பால் நகர்கின்றனர். சில நாள்களில் அவர்கள் விடையை மாற்றிக்கொள்கின்றனர்: "வீட்டை விற்றுவிட்டோம், கால்போன போக்கில் நடக்கிறோம்." உடனே வியப்பு, பாராட்டு, 'எங்களுக்கும் அந்தத் துணிவு இருந்தால்' என்னும் பெருமூச்சு. சட்டை அதேதான், வியர்வை நாற்றமும் வெடித்த உதடும் அவையேதான். திரும்பிப் போக வசதி இருப்பதாக எண்ணப்படுபவன் பயணி, இல்லாதவன் நாடோடி.

இதே உண்மையை நகைச்சுவையாகவும் நூல் காட்டுகிறது. சைமன் ஆர்மிடேஜ் என்ற புகழ்பெற்ற கவிஞர் 2013 கோடையில் இதே பாதையில் நடந்துகொண்டிருந்தார். கையில் பணமின்றிப் புறப்பட்டு, மாலைதோறும் ஓர் ஊரில் கவிதை படித்து, ஒரு காலுறையைச் சுற்றுக்கு விட்டு, விழுந்த காசைக் கொண்டும் ஊரார் அளித்த விருந்தோம்பலைக் கொண்டும் நடந்தார். அந்த அனுபவத்தை 2015இல் நூலாக்கினார். 2019இல் அரசவைக் கவிஞராகவும் அமர்ந்தார். உள்ளூர் மக்கள் சிலர் மோத்தை அவர் என்று தவறாக எண்ணி உபசரிக்கின்றனர். யார் அந்தச் சைமன் என்றே தம்பதியருக்கு முதலில் விளங்கவில்லை. ஒரே பாதையில், ஒரே கோடையில், பணமின்றி நடந்தவர்கள் இருவகையினர். ஒருவருக்குக் கதவுகள் முன்பே திறந்திருந்தன. மற்றவர்களுக்கு, அவர் எனத் தவறாக அறியப்பட்டபோது மட்டும் திறந்தன. இந்தப் பக்கங்களில் ஆசிரியர் புலம்புவதில்லை, சிரிக்கிறார். நூலிலேயே மிகத் தேர்ந்த எழுத்து இதுதான்.

இயற்கையைக் கெடுக்காத சுற்றுலா என்று இன்று எங்கும் பேசப்படுகிறது. அதன் இலட்சியப் பயணி யார்? காரில் வராதவர், குப்பை போடாதவர், நீரையும் மின்சாரத்தையும் வீணாக்காதவர், செடிகொடிகளின் பெயர் அறிந்தவர், காலடித் தடமன்றி வேறொன்றும் விட்டுச் செல்லாதவர். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் இவ்விருவரைவிடச் சிறந்த சுற்றுலாப் பயணிகள் அப்பாதையில் அவ்வாண்டு இருந்திருக்க முடியாது. நூடுல்ஸும் தேநீரும் தவிர அவர்கள் நுகர்ந்தது மிகக் குறைவு. ஆயினும் அவர்கள் வேண்டப்படாதவர்கள். தடம் எதையும் விடக்கூடாது, பணத்தை மட்டும் விட்டுச் செல்ல வேண்டும் என்பது அந்த இலட்சியத்தின் எழுதப்படாத விதி போலும்.

அவர்கள் கடந்துபோன ஊர்களிலோ வேறொரு வகை வீடின்மை நிலவுகிறது. கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸ் பழைய மீன்பிடித் துறை. அழகைத் தேடி வந்தவர்கள் அங்குள்ள வீடுகளை விடுமுறை இல்லங்களாக வாங்கிக் குவித்ததால், அவ்வூரில் பிறந்து வேலை செய்பவர்கள் அங்கே வீடு வாங்க இயலாத நிலை வந்தது. 2016 மே மாதம் அவ்வூர் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, புதிதாகக் கட்டப்படும் வீடுகள் நிரந்தரமாகக் குடியிருப்போர்க்கே என்று விதி செய்தனர். வாக்களித்தவர்களில் ஐந்தில் நால்வருக்கு மேல் அதை ஆதரித்தனர். பழைய வீடுகளை அவ்விதி தொடவில்லை. 2025 ஏப்ரல் முதல் கார்ன்வாலில் இரண்டாம் வீடு வைத்திருப்போர் வீட்டு வரியை இரு மடங்காகச் செலுத்த வேண்டியுள்ளது. குளிர்காலத்தில் விளக்கெரியாத அத்தகைய வீடுகள் உள்ள தெருக்களில்தான், ஹீனியின் மொழிபெயர்ப்பில் அமைந்த 'பேவுல்ஃப்' காவியத்தை மோத் உரக்கப் படித்துக் காசு பெறுகிறார். அவ்வூர்க்காரரின் வீட்டுச் சிக்கலையும் தம் சிக்கலையும் ஆசிரியர் இன்னும் நெருக்கமாக இணைத்துப் பார்த்திருக்கலாம். கடலில் உழைப்பவர்கள் இந்நூலில் தொலைவில் தெரியும் படகுகளாகவே பெரும்பாலும் நிற்கின்றனர் என்பது என் முதல் குறை.

வேறு குறைகளும் உண்டு. எதிர்ப்படும் மனிதர் பலர் ஆசிரியரின் மனநிலைக்கு ஏற்பவே நல்லவராகவோ செருக்குள்ளவராகவோ வந்து போகின்றனர். ஒருவரும் நம்மை வியக்கவைப்பதில்லை. உப்பு என்னும் உருவகம் முதல் நூறு பக்கங்களில் இனிக்கிறது, பின்னர் எதிலும் தூவப்படுகிறது. பருவம் முடியும்வரை கொடியில் நின்று, கடல்மூட்டத்தின் உப்பேறிய பிளாக்பெர்ரிப் பழங்களைச் சுவைக்கும் இடம் மட்டும் விதிவிலக்கு. அங்கே உருவகம் நாவில் உண்மையாகவே கரைகிறது. எல்லாவற்றிலும் பெரிய குறை, நடை நோயைத் தணிக்கிறது என்னும் தொனி. படியேறும்போதுகூடக் கவனம் தேவை என்று மருத்துவர் எச்சரித்தவர், மூட்டையோடு மலைமேடுகளில் ஏறி வலுப்பெறுகிறார். அவருக்கு அப்படி நேர்ந்திருக்கலாம். ஆனால் நோயாளியின் கட்டிலருகே அமர்ந்து பழகியவனுக்கு இப்பக்கங்களைப் படிக்கையில் அச்சம் வருகிறது. 'நீயும் முயன்றால் எழுந்திருக்கலாமே' என்னும் சொல் படுத்திருப்பவரை எவ்வளவு புண்படுத்தும் என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

கார்ன்வாலின் வட எல்லையில், இதே பாதையின் ஓரமாக, மார்வென்ஸ்டோ என்னும் சிற்றூர் உள்ளது. 1830களின் நடுவில் ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர் என்பவர் அங்கே ஆங்கிலிக்கன் பங்குக்குருவாக வந்தார். கவிஞர், விசித்திரமான மனிதர். அபினிப் பழக்கமும் இருந்தது. கப்பல் உடைந்து இறந்த மாலுமிகளின் உடல்கள் அக்கரையில் ஒதுங்கும். அவற்றைக் கடற்கரையிலேயே புதைத்துவிடுவது அன்றைய வழக்கம். ஹாக்கரோ செங்குத்தான ஓங்கலின் மேல் அவற்றைச் சுமந்துவரச் செய்து, கோவில் கல்லறையில் கிறித்தவ முறைப்படி அடக்கம் செய்தார். 1842இல் கலிடோனியா என்னும் கப்பல் உடைந்தபோது இறந்தவர்களும் அங்கேயே உறங்குகின்றனர். உடைந்த கப்பல்களின் மரத்தைக் கொண்டு ஓங்கலின் விளிம்பில் அவர் கட்டிக்கொண்ட குடில் இன்றும் நிற்கிறது; நேஷனல் டிரஸ்டின் உடைமைகளில் மிகச் சிறியது அது. நடப்பவர்கள் அதில் அமர்ந்து இளைப்பாறுகின்றனர். 1875இல் இறக்கும் தறுவாயில் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்த்துக்கொள்ளப்பட்டு, மறுநாள், மரியாவின் விண்ணேற்புத் திருநாளன்று, கண்மூடினார். கரையில் ஒதுங்கிய உடல் தன் கதையைச் சொல்லாது. அவன் நேர்மையானவனா, கடத்தல்காரனா, கப்பல் கொள்ளையனா என்று ஹாக்கர் கேட்டிருக்கவும் முடியாது. இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்பது அடுத்த பத்திகளில் விளங்கும்.

2018இல் வெளிவந்த 'உப்புப் பாதை' உலகெங்கும் இருபது இலட்சம் படிகளுக்கு மேல் விற்றது. ஜில்லியன் ஆண்டர்சனும் ஜேசன் ஐசக்ஸும் நடித்த திரைப்படம் 2025 மே மாத இறுதியில் பிரிட்டனில் திரைக்கு வந்தது. ஜூலையில் இலண்டன் 'அப்சர்வர்' இதழ் நீண்ட புலனாய்வுக் கட்டுரை ஒன்றை வெளியிட்டது. வீடு பறிபோன காரணம் நூல் கூறுவது போன்றதன்று, அதன் பின்னணியில் ஆசிரியர் பணிபுரிந்த இடத்துப் பணம் தொடர்பான குற்றச்சாட்டு இருந்தது என்றும், பிரான்சில் அவர்களுக்குச் சொத்து இருந்தது என்றும், நோய் பற்றிய செய்திகளில் மருத்துவ வல்லுநர்கள் ஐயம் கொள்கின்றனர் என்றும் அது எழுதியது. ஆசிரியர் இதைக் கடுமையாக மறுத்தார். தாம் பணியில் செய்த தவறுகளுக்கு வருந்துவதாகவும், தம்மீது வழக்கேதும் பதியப்படவில்லை என்றும், பிரான்சில் இருப்பது குடியிருக்கத் தகாத இடிபாடு என்றும் கூறினார். கணவரின் நோய்க்குச் சான்றாக மருத்துவர் கடிதங்களை வெளியிட்டார். அடுத்த நூலின் வெளியீட்டைப் பதிப்பகம் தள்ளிவைத்தது. இவற்றுள் எது எவ்வளவு மெய் என்று தீர்ப்பளிக்க நான் யார்? அது என் வேலையுமன்று. ஆனால் ஒரு நூலைத் திறனாய்பவன் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு.

தன்வரலாறு ஒருவகை அறிக்கையிடல். புனித அகுஸ்தினார் தம் அறிக்கைகளில், சிறுவயதில் அயலார் தோட்டத்துப் பேரிக்காய்களைத் திருடியதைப் பக்கம் பக்கமாக ஆராய்கிறார். பசிக்காகத் திருடவில்லை என்று தாமே வலிந்து சொல்லித் தம்மீதுள்ள இரக்கத்தைக் குறைத்துக்கொள்கிறார். இக்காலத்து நினைவுநூல்கள் பெரும்பாலும் எதிர்த்திசையில் செல்கின்றன. துன்புற்றவர் எவ்விதத் தவறும் செய்யாதவராக இருக்க வேண்டும். நண்பர் வஞ்சிக்க வேண்டும், நீதிமன்றம் கைவிட வேண்டும், நோய் தாக்க வேண்டும். 'உப்புப் பாதை'யின் முதல் இயல்கள் அவ்வாறே அமைந்துள்ளன. 2019இல் நான் அதைக் கவனிக்கவில்லை. இப்போது படிக்கையில் அந்த இயல்கள் மட்டும் நூலின் மற்றப் பகுதிகளைவிட மெல்லியவையாக, அவசரமாக எழுதப்பட்டவையாகத் தோன்றுகின்றன. கால் கொப்புளத்துக்குக் கிடைக்கும் இடம் வீட்டை இழந்த வழக்குக்குக் கிடைக்கவில்லை. புலனாய்வுக் கட்டுரை வராமலேயே ஒரு கூர்மையான வாசகர் இதைக் கண்டிருக்கலாம்.

ஆனால் இந்தக் குறைக்கு ஆசிரியர் மட்டுமா பொறுப்பு? குற்றமற்ற ஏழையைத் தவிர வேறெவருக்கும் இரங்க மாட்டோம் என்று வாசகராகிய நாமும் ஒரு விலை வைத்திருக்கிறோம். கடனை ஊதாரித்தனமாகப் பெருக்கியவர், கையாடியவர், குடித்து வீட்டைத் தொலைத்தவர் இதே பாதையில் இதே பசியோடு நடந்திருந்தால் அந்நூல் அச்சேறியிருக்குமா? இருபது இலட்சம் பேர் வாங்கியிருப்பார்களா? பாதையில் சந்தித்தவர்கள் 'வீடில்லை' என்ற சொல்லுக்கு விலகி ஓடியதைக் கண்டு கொதித்த நாம், 2025 ஜூலையில் அவர்களைவிட வேகமாக விலகி ஓடினோம்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஆகஸ்ட் மாத இறுதியில் வேளாங்கண்ணிக்கு நடந்து செல்வோர் எங்கள் பங்கின் வழியாகவே போவார்கள். கோவில் மண்டபத்தைத் திறந்துவைத்து, பாய் விரித்து, இரவுக்குச் சோறும் குழம்பும் ஆக்கிவைப்போம். 2022இல் ஒரு நாள் இரவு, காவித் துணியோ தேரோ கூட்டமோ இல்லாமல் தனியே ஒருவர் வந்து நின்றார். எந்த ஊர், எந்தப் பங்கு, ஏன் தனியாக வந்தீர் என்று கேட்டேன். விடைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இருபது ரூபாயைக் கொடுத்துப் பேருந்து நிலையத்துக்கு அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டினேன். மண்டபத்தில் அப்போது இருபது பாய்களாவது காலியாகக் கிடந்தன.

சென்ற ஆண்டு எங்கள் வாசகர் வட்டத்தில் இந்நூலின் கதையை ஒரு மாலை முழுவதும் எடுத்துரைத்தேன், ஜூலைச் செய்தியையும் சேர்த்து. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சினந்தார்: "உண்மைக் கதைன்னு அச்சடிச்சு வித்தாங்களே சாமி, அது பொய்யாப் போனா நாளைக்கு நெசமாவே தெருவுல கிடக்கிறவன எவன் நம்புவான்?" அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒருவர் உண்மையை வளைத்தால் அதன் வட்டியைக் கட்டுவோர் குரலற்ற ஏழைகளே. கடைசி வரிசையில், மீன்கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு அமர்ந்திருந்த பெண்மணி மெல்லக் கேட்டார்: "வீட்ட எப்படித் தொலைச்சா என்ன சாமி, தொலைச்சாச்சுல்ல? அவுங்களுக்குப் பசிச்சிருக்கும்ல?" அவையில் சற்று நேரம் பேச்சில்லை. ஆசிரியர் மறுத்துப் பேச வாயெடுத்துப் பின் நிறுத்திக்கொண்டார். எனக்கு அந்த இரவின் இருபது பாய்கள் நினைவுக்கு வந்தன.

எனவே என் மதிப்பீடு இரண்டாகப் பிளந்தே நிற்கிறது. முதல் இயல்களை நான் இனி எவருக்கும் சான்றாகக் காட்ட மாட்டேன். வீட்டை இழந்தவன் பயணியாகவும் நாடோடியாகவும் ஒரே நாளில் மாறி மாறிப் பார்க்கப்படுவதைச் சொல்லும் பக்கங்களை, கடற்கரையில் புதிதாகப் பாதை அமைக்கத் திட்டமிடும் எவரும் படிக்க வேண்டும் என்பேன். பாதை போடுவோர் தங்கும் விடுதி எத்தனை, கழிப்பறை எத்தனை என்று கணக்கிடும்போது, கட்டணம் செலுத்த இயலாதவர் எங்கே படுப்பார் என்று கேட்கும் நூல்கள் மிகச் சில.

என்னிடமிருந்த படியை அந்த ஆசிரியர் வாங்கிச் சென்றார். தவறுகளைக் கண்டுபிடிக்கவே படிப்பதாகச் சொன்னார். ஓரங்களில் பென்சிலால் கேள்விக்குறிகள் இட்டுவருகிறாராம். நடை முடியும் ஊரான போல்ருவான்வரை, அங்கே ஒரு பெண்மணி அவர்களுக்குத் தம் வீட்டை வாடகைக்குத் தர முன்வரும் இடம்வரை, வந்துவிட்டதாகச் சென்ற ஞாயிறு பூசை முடிந்து சொன்னார். "அந்தம்மா முன்பின் எதுவும் விசாரிச்ச மாதிரி தெரியலையே, சாமி" என்றார்.